கார்-டி வந்தாச்சு, மஜ்ஜை மாற்றுப் பயிற்சி இனி எதற்கு?

கேள்வி, 2024 ஜூன் 3

எம்.டி. பொது மருத்துவம் முடிக்கப் போகிறேன். அடுத்து டி.எம். கிளினிக்கல் ஹெமட்டாலஜி (ரத்தநோய் உயர்படிப்பு), அதன்பின் ஃபெலோஷிப் என்பது திட்டம். நெக்ஸ்கார்19 என்ற கார்-டிக்கு, அதாவது நோயாளியின் எதிர்ப்புச் செல்லான டி-செல்லையே மாற்றியமைத்துப் புற்றைத் தாக்க ஏற்றும் சிகிச்சைக்கு, அனுமதி கிடைத்துவிட்டது, இன்னும் பத்து வருடத்தில் மஜ்ஜை மாற்று காணாமல் போகும், நேராக செல் தெரபி மட்டும் கற்றுக்கொள் என்கிறார் ஒரு சீனியர். அது சரியா? மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வருடத்துக்கு எத்தனை டிரான்ஸ்பிளான்ட் என்ற ஒரு எண்ணைப் பார்த்தால் போதுமா?

ஜூன் 4, காலை

சரியில்லை. 2023 அக்டோபரில் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19 குறிவைப்பது பி-செல் லுக்கேமியாவும் லிம்போமாவும், அதுவும் திரும்ப வந்தவை, மருந்துக்கு மசியாதவை. பிறவி ரத்தக் குறையான தலசீமியாவுக்குக் கார்-டி கிடையாது. மஜ்ஜை வேலை நின்றுபோகும் ஏப்ளாஸ்டிக் அனீமியாவுக்குக் கிடையாது. ஏ.எம்.எல். என்ற தீவிர ரத்தப் புற்றுக்கு அனுமதி பெற்ற கார்-டி உலகில் எங்கும் இல்லை; அலோஜெனிக் மாற்று (அலோ, இன்னொருவரின் செல்லை ஏற்றுவது) அதிகம் செய்யப்படுவதே அந்த நோய்க்குத்தான். ஏ.எல்.எல். என்ற இன்னொரு ரத்தப் புற்றில் கார்-டி கொடுத்து நோய் அடங்கிய பிறகும் பலரை அலோவுக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. கார்-டி நோயாளிக்கு வரும் சிக்கல்களை வரிசையாக எழுதிப் பாருங்கள்: நியூட்ரோபீனியாவில் (வெள்ளையணு குறைந்த நிலையில்) காய்ச்சல், மாதக்கணக்கில் ஏறாத கவுன்ட் (ரத்த அணு எண்ணிக்கை), பூஞ்சைத் தொற்று, வைரஸ் மீண்டும் தலைதூக்குவது, இம்யூனோகுளோபுலின் (எதிர்ப்பொருள்) வற்றிப்போவது. முக்கால்வாசி மஜ்ஜை மாற்று வார்டில் தினமும் பார்ப்பவைதான். அந்த வார்டில் பழகாத கைக்கு கார்-டி தனியாக வராது.

வருடக் கணக்கு: எம்.பி.பி.எஸ். ஐந்தரை, எம்.டி. மூன்று, டி.எம். மூன்று, ஃபெலோஷிப் ஒன்று அல்லது இரண்டு. இவ்வளவு வருடம் போட்ட பிறகு அதில் பாதியை விட்டுவிட்டுக் கற்பதில் அர்த்தமில்லை.

ஜூன் 4, இரவு

எண்ணிக்கை பற்றி. அந்த ஒற்றை எண்ணை நம்பாதீர்கள். வருடத்துக்கு நூறு என்று ஒரு மையம் சொன்னால், அதில் நோயாளியின் சொந்தச் செல்லையே ஏற்றும் ஆட்டோ எத்தனை, அலோ எத்தனை, அலோவில் பாதி பொருத்தம் உள்ள ஹாப்லோ எத்தனை, குழந்தைகள் எத்தனை என்று பிரித்துக் கேளுங்கள். நூறில் எண்பது மைலோமா என்ற மஜ்ஜைப் புற்றுக்கு மெல்ஃபலான் கீமோ கொடுத்துச் செய்த ஆட்டோ என்றால், நீங்கள் கற்கப்போவது வாய்ப்புண்ணும் காய்ச்சலும். ஜி.வி.ஹெச்.டி.யை (டோனரின், அதாவது செல் கொடுத்தவரின், செல் நோயாளியின் உடலைத் தாக்குவதை) சிலரிடம்தான் பார்ப்பீர்கள். அதைக் கையாளத் தெரியாதவரை அலோ மருத்துவர் என்று சொல்ல முடியாது.

அடுத்த கேள்வி: செல் பதப்படுத்தும் லேபிலும் இயந்திரத்தால் ரத்தத்திலிருந்து செல்லைப் பிரிக்கும் அஃபெரிசிஸ் அறையிலும் பயிற்சியாளருக்குச் சுழற்சி உண்டா? மூன்றாவது: மாற்று முடிந்து 100 நாள் தாண்டியவர்கள் வரும் ஓ.பி. தனியாக உண்டா, அதில் உங்களை உட்கார வைப்பார்களா? இந்த இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தால், எவ்வளவு பெரிய மையமானாலும் யோசியுங்கள்.

ஜூன் 6

லேபில் எதற்கு நேரம் செலவிட வேண்டும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பதிலைப் பையிலிருந்து தொடங்குகிறேன்.

மாற்று நோயாளிக்கு ஏற்றும் சிவப்பணுவும் பிளேட்லெட்டும் 25 கிரே கதிர்வீச்சு கொடுத்தவையாக இருக்க வேண்டும், வெள்ளையணு வடிகட்டப்பட்டிருக்க வேண்டும். வார்டில் எல்லோருக்கும் இது மனப்பாடம். ஆபத்தும் அங்கேதான். அதே பழக்கத்தில் ஸ்டெம் செல் பையைக் கதிர்வீச்சுக்கு அனுப்பினால் உள்ளே இருப்பது அத்தனையும் செத்த செல். வெள்ளையணு வடிகட்டி மாட்டினால் நமக்கு வேண்டிய செல் வடிகட்டியிலேயே தங்கிவிடும். சாதாரண ரத்தம் ஏற்றும் செட், அதாவது 170 முதல் 200 மைக்ரான் சல்லடை உள்ளது, போதும். பையில் "கதிர்வீச்சு கூடாது, வடிகட்டி கூடாது" என்ற லேபிள் இருக்கிறதா என்று இரண்டு பேர் சேர்ந்து வாசித்துக் கையெழுத்திட வேண்டும். டோனர் லிம்ஃபோசைட் பைக்கும் இதே விதி.

உறைய வைத்த பை என்றால் உறையும்போது செல்லைக் காக்கும் டி.எம்.எஸ்.ஓ. 10 சதவீதம் இருக்கும். நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் குளிர்வித்து, திரவ நைட்ரஜன் ஆவியில் மைனஸ் 150க்குக் கீழே வைத்திருப்பார்கள். 37 டிகிரி நீர்த்தொட்டியில் உருக்கி, கட்டி கரைந்தவுடன் ஏற்ற வேண்டும். அறை வெப்பத்தில் டி.எம்.எஸ்.ஓ. செல்லைக் கொல்லும். ஒரு நாளுக்கு உச்சவரம்பு கிலோவுக்கு 1 கிராம். 60 கிலோ ஆளுக்கு 60 கிராம், அதாவது ஏறத்தாழ 600 மி.லி. கரைசல். அதற்கு மேல் பை இருந்தால் இரண்டு நாளாகப் பிரிக்க வேண்டும். ஏற்றும்போது குமட்டல், முகச் சிவப்பு, நாடி இறக்கம் வரலாம். அறை முழுக்கப் பூண்டு வாடை அடிக்கும், குடும்பத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பை உருக்கும்போது விரிசல் விட்டால் என்ன செய்வது என்பதை அன்றைக்கு யோசிக்கக்கூடாது. தொட்டிக்குள் இறக்கும் முன்பே பையைக் கிருமி நீக்கிய உறைக்குள் போட்டிருக்க வேண்டும்.

இந்தியாவில் மைலோமா ஆட்டோவுக்குப் பல மையங்கள் உறைய வைப்பதே இல்லை. 4 டிகிரியில் மூன்று நாள்வரை வைத்து ஏற்றிவிடுகிறார்கள். செலவு குறைகிறது, டி.எம்.எஸ்.ஓ. தொல்லையும் இல்லை. ஆனால் மெல்ஃபலான் முடிந்து 24 மணி நேரம் விட வேண்டும், செல் சேகரிப்பு தள்ளிப்போனால் முழு அட்டவணையும் கவிழும். இந்தக் கணக்கைப் போடத் தெரியவேண்டும் என்றால் லேபில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஜூன் 7

மஜ்ஜை எடுப்பது பற்றி, ஏனென்றால் இப்போது எல்லோரும் ரத்தத்திலிருந்து சேகரிப்பதால் இந்தக் கைவேலை மறைந்து வருகிறது. தலசீமியாவுக்கும் ஏப்ளாஸ்டிக் அனீமியாவுக்கும் மஜ்ஜைதான் விருப்பம், நாள்பட்ட ஜி.வி.ஹெச்.டி. குறைவு.

டோனர் மயக்கத்தில் குப்புறப் படுத்திருப்பார். இடுப்பெலும்பின் பின்முகட்டில் இரண்டு பக்கமும் இரண்டு பேர். ஒரு இழுப்பில் 5 மி.லி. தாண்டக்கூடாது. பேராசைப்பட்டு 20 மி.லி. இழுத்தால் வருவது மஜ்ஜை இல்லை, ரத்தம். ஊசியைச் சுழற்றி, ஆழம் மாற்றி, இடம் மாற்றி எடுக்க வேண்டும். டோனரின் எடைக்குக் கிலோவுக்கு 20 மி.லி. எல்லை.

இப்போது கணக்கு. டோனர் 15 கிலோ தம்பி, நோயாளி 25 கிலோ அக்கா. எடுக்கக்கூடியது 300 மி.லி. ஒரு மி.லி.யில் உட்கரு உள்ள செல் சுமார் 2 கோடி என்றால் மொத்தம் 600 கோடி. அக்காவின் கிலோவுக்கு 24 கோடி. இலக்கு 30 கோடி, குறைந்தபட்சம் 20 கோடி. ஆக இலக்கைத் தொடவில்லை, ஆனால் விளிம்புக்கு மேலே நிற்கிறோம். அதனால்தான் பாதி எடுத்ததும் ஒரு சாம்பிளை எண்ண அனுப்ப வேண்டும். மயக்கம் தெளிந்த பிறகு வரும் எண்ணால் பயனில்லை.

ஜூன் 8

ரத்தத்திலிருந்து சேகரிப்பது சுருக்கமாக. ஸ்டெம் செல்லை மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு வரவைக்கும் ஜி-சி.எஸ்.எஃப். கிலோவுக்கு 10 மைக்ரோகிராம், ஐந்தாம் நாள் அஃபெரிசிஸ். உதடு மரமரப்பு என்று டோனர் சொன்னால் ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தைப் பிடிக்கிறது என்று பொருள்: வேகத்தைக் குறை, கால்சியம் கொடு. நான்காம் நாள் ரத்தத்தில் சி.டி.34 (ஸ்டெம் செல்லின் அடையாளம்) உள்ள செல் மைக்ரோலிட்டருக்கு 10க்குக் கீழே என்றால், அதே வேலைக்கு இன்னொரு ஊசியான பிளெரிக்ஸாஃபோர் கிலோவுக்கு 0.24 மி.கி., சேகரிப்புக்குப் 11 மணி நேரம் முன்பு. மறுநாள் காலை 8 மணிக்கு இயந்திரம் என்றால் ஊசி முந்தின இரவு 9 மணிக்கு. யார் போடுவது என்று பகலிலேயே முடிவாகியிருக்க வேண்டும். கிலோவுக்கு 20 லட்சம் சி.டி.34 கிடைத்தால் போதும்.

ஜூன் 8, மாலை: திருத்தம்

மேலே 20 லட்சம் போதும் என்று எழுதியது ஆட்டோவுக்கான குறைந்தபட்சம். ஆட்டோவிலும் 50 லட்சம் இருந்தால் பிளேட்லெட் சீக்கிரம் ஏறும். அலோவில் 40 லட்சத்துக்கு மேல் என்பதே பொதுவான இலக்கு. படிப்பவர்கள் அந்த ஒரு வரியை மட்டும் குறித்துக்கொண்டு போய்விடக்கூடாது.

ஜூன் 11

ரத்த வகை. இதில் தவறு நடந்தால் மன்னிப்பில்லை, ஆனாலும் பயிற்சியில் இதற்கு அரை மணி நேரம்கூட ஒதுக்குவதில்லை.

நோயாளி ஓ, டோனர் ஏ: மேஜர் பொருத்தமின்மை (நோயாளியின் எதிர்ப்பொருள் டோனரின் சிவப்பணுவைத் தாக்கும்). ஏற்றும் சிவப்பணு நோயாளியின் வகை, அதாவது ஓ. பிளாஸ்மாவும் பிளேட்லெட்டும் டோனரின் வகை, ஏ. நோயாளி ஏ, டோனர் ஓ: மைனர் (டோனரின் எதிர்ப்பொருள் நோயாளியின் சிவப்பணுவைத் தாக்கும்). சிவப்பணு டோனரின் ஓ, பிளாஸ்மா நோயாளியின் ஏ. ஏ-க்கும் பி-க்கும் நடுவே என்றால் இருபக்கமும்: சிவப்பணு ஓ, பிளாஸ்மா ஏ.பி.

மனதில் நிறுத்த ஒரே கேள்வி: இப்போது உடலில் இரண்டு வகை செல்லும் இரண்டு வகை எதிர்ப்பொருளும் இருக்கின்றன, நான் ஏற்றுவது எதோடும் மோதாமல் இருக்கிறதா?

மைனரில் மாற்றுக்குப் பின் ஐந்திலிருந்து பதினைந்தாம் நாளுக்குள் திடீரென ஹீமோகுளோபின் சரிந்து, சிவப்பணு உடைவதைக் காட்டும் எல்.டி.ஹெச். ஏறினால், டோனரின் லிம்ஃபோசைட்டுகள் எதிர்ப்பொருள் செய்யத் தொடங்கிவிட்டன. மேஜரில் வேறு தொல்லை: வெள்ளையணு வந்துவிடும், பிளேட்லெட் வந்துவிடும், சிவப்பணு மட்டும் மாதக்கணக்கில் வராது. கிராஃப்ட் (ஏற்றிய செல்) போய்விட்டது என்று பதறவேண்டாம். ரெட்டிக்குலோசைட்டையும் (புதுச் சிவப்பணு) எதிர்ப்பொருள் டைட்டரையும் (அளவு) பாருங்கள்.

ஜூன் 14

டாக்ரோலிமஸ். ஜி.வி.ஹெச்.டி.யைத் தடுக்க எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து. முதல் நூறு நாளில் ஒரு பயிற்சியாளர் தன் கையால் அதிகம் மாற்றும் மருந்து இதுதான், அதிகம் சறுக்குவதும் இதில்தான்.

அசோல் வகைப் பூஞ்சை மருந்துகளான வோரிகொனசோல் அல்லது போசகொனசோல் தொடங்கினால் டாக்ரோலிமஸ் டோஸை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். இது எல்லோருக்கும் நினைவிருக்கும். திரும்பி வரும் வழிதான் மறந்துபோகிறது. கல்லீரல் என்சைம் ஏறியதால் ஒருவர் வோரிகொனசோலை நிறுத்துவார், டாக்ரோலிமஸை யாரும் தொடமாட்டார்கள். அளவு மெல்ல இறங்கும். அடுத்த வாரம் உள்ளங்கையில் சிவப்புத் தடிப்பு. ஜி.வி.ஹெச்.டி. திடீரென வந்தது என்று கேஸ் ஷீட்டில் எழுதுவார்கள். திடீரென வரவில்லை, மருந்துச் சீட்டில் நாமே வரவழைத்தது. ஒவ்வொரு முறை அசோல் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் பக்கத்து வரியில் டாக்ரோலிமஸ் என்று எழுதும் பழக்கத்தை முதல் மாதத்திலேயே பிடியுங்கள்.

ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவு 40 என்று மிக அதிகமாக லேபிலிருந்து வந்தால் டோஸை நிறுத்துவதற்கு முன் ஒரு கேள்வி: ரத்தம் எந்தக் குழாயிலிருந்து எடுத்தது? டாக்ரோலிமஸ் ஓடும் அதே ஹிக்மேன் லூமனில் (மார்பில் பதித்த குழாயின் ஒரு கிளையில்) எடுத்திருந்தால் அந்த எண் பொய். மருந்து குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும், எத்தனை கழுவினாலும் போகாது. எந்த லூமனில் மருந்து, எதில் சாம்பிள் என்று முதல் நாளே நிறப் பட்டை கட்டிவிடுங்கள்.

பேதி வந்தால் வாய்வழி டாக்ரோலிமஸின் அளவு ஏறும், இறங்காது. குடல் சுவரில் மருந்தை உடைக்கும் என்சைம் உரிந்துபோவதுதான் காரணம். உள்ளுணர்வு இதற்கு நேர்மாறாகச் சொல்லும்.

மாற்றுக்கு முன் கொடுக்கும் கீமோவான பியூசல்ஃபானால் வரும் வலிப்பைத் தடுக்க ஃபெனிடோயின் கொடுத்த காலம் உண்டு. அது டாக்ரோலிமஸையும் இழுத்துக் கீழே கொண்டுவரும். இன்று லெவெடிராசிடாம் போதும். பாராசிட்டமால், மெட்ரோனிடசோல் இரண்டையும் பியூசல்ஃபான் நாட்களில் தள்ளிவையுங்கள். அதை வெளியேற்றும் குளுட்டாதயோனை முதலாவது தின்றுவிடும், இரண்டாவது பியூசல்ஃபானின் அளவையே ஏற்றும். விலை கொடுப்பது கல்லீரலின் நுண்குழாய்கள்.

ஜூன் 15

ஹாப்லோவில் ஒரு விதி, தனியாக எழுதத் தகுந்தது. செல் ஏற்றியபின் மூன்றாம் நாளும் நான்காம் நாளும் சைக்ளோபாஸ்ஃபமைடு என்ற கீமோ கிலோவுக்கு 50 மி.கி. அதற்கு முன்பு, ஒன்றாம் இரண்டாம் நாளில், 39, 40 என்று காய்ச்சல் அடிக்கும். கை தானாக ஸ்டீராய்டுக்குப் போகும். போகக்கூடாது. நோயாளியின் உடலை அந்நியமாகப் பார்த்துப் பெருகும் டி-செல்லைத்தான் சைக்ளோபாஸ்ஃபமைடு வெட்டுகிறது. ஸ்டீராய்டு கொடுத்து அந்தப் பெருக்கத்தை நிறுத்தினால் வெட்ட எதுவும் அகப்படாது, தப்பியவை பிறகு குடலைத் தாக்கும். வாந்திக்குக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோனும் ஸ்டீராய்டுதான், கீமோ ஆர்டர் ஷீட்டில் தானாக வந்து உட்கார்ந்திருக்கும். அடித்துவிடுங்கள். டாக்ரோலிமஸும் அதுபோல எதிர்ப்பாற்றலை அடக்கும் மைக்கோஃபெனோலேட்டும் ஐந்தாம் நாள்தான்.

ஜூன் 15, பிறகு

மலம் அளப்பதைச் செவிலியர் வேலை என்று நினைக்கும் பயிற்சியாளருக்கு: குடல் ஜி.வி.ஹெச்.டி.யின் நிலை மி.லி.யில்தான் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளில் 500 தாண்டினால் ஒன்று, 1000 தாண்டினால் இரண்டு, 1500 தாண்டினால் மூன்று. சிறுநீரோடு கலந்துவிட்டால் அன்றைய எண் வீண். ஸ்டீராய்டு பலிக்கவில்லை என்று சொல்ல 3 நாளில் மோசமாக வேண்டும், அல்லது 7 நாளில் முன்னேற்றமே இல்லாதிருக்க வேண்டும். இந்த முடிவில்தான் அடுத்த மருந்தான ருக்சோலிட்டினிப் தொடங்குகிறோம். அளவு தவறினால் முடிவும் தவறும்.

ஜூன் 20

ஜூன் 4 குறிப்பைத் திரும்பப் படித்தேன். எண்ணிக்கையை அவ்வளவு தள்ளியிருக்கக்கூடாது. அலோ வாரம் ஒன்றாவது நடக்கும் இடத்தில் செவிலியருக்கும் ரத்த வங்கிக்கும் கை பழகியிருக்கும். இரவு ஷிஃப்டில் பயிற்சியாளரைத் திருத்துவது பெரும்பாலும் அவர்கள்தான். மாதம் ஒன்று நடக்கும் இடத்தில் உங்கள் தவறைப் பிடிக்க யாரும் இருக்கமாட்டார்கள். பிரித்துக் கேட்க வேண்டும் என்பதில் மாற்றமில்லை. அதோடு அலோ எண்ணிக்கைக்கு ஒரு அடித்தளமும் வேண்டும்.

ஜூன் 23

கார்-டி நோயாளியைக் கையாள்வது பற்றி ஒன்றும் எழுதவில்லையே என்று கேட்டவருக்கு.

வேலை டி-செல் சேகரிப்புக்கு முன்பே தொடங்குகிறது. லிம்போமா திரும்பியவருக்குக் கார்-டி யோசனை இருந்தால் பெண்டாமுஸ்டின் கீமோ வேண்டாம், டி-செல்லைப் பல மாதம் நாசப்படுத்தும். சேகரிப்புக்கு முன் ஸ்டீராய்டை நிறுத்தி இடைவெளி விட வேண்டும். இதை அனுப்பும் ஊர் மருத்துவரிடம் தொலைபேசியில் சொல்வதும் பயிற்சியின் பகுதி.

ஏற்றிய பின் காய்ச்சல் 38 தொட்டால் சி.ஆர்.எஸ். (ஏற்றிய செல் கிளப்பும் அழற்சிப் புயல்) முதல் நிலை. பிரஷர் இறங்கி சலைனில் நின்றால் இரண்டு, பிரஷரை ஏற்றும் வாசோபிரஸர் மருந்து ஒன்று தேவைப்பட்டால் மூன்று. அதை அடக்கும் டோசிலிசுமாப் கிலோவுக்கு 8 மி.கி., உச்சம் 800. செல்லை ஏற்றும் முன்பே மருந்து வார்டு ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும், இரவில் மருந்தகத்தைத் தேடி ஓட முடியாது. கவுன்ட் இல்லாதவரிடம் சி.ஆர்.எஸ்.ஸும் செப்சிஸும் ஒரே முகம். கல்ச்சர் எடுத்து ஆன்டிபயாடிக்கையும் கூடவே தொடங்குங்கள். கார்பபெனம் என்ற வலுவான ஆன்டிபயாடிக்குக்கும் அடங்காத கிளெப்சியெல்லா பாக்டீரியா நம் வார்டுகளில் சாதாரணம், முந்தைய மலக் கல்ச்சர் என்ன சொன்னது என்று பார்த்து மருந்தைத் தேர்ந்தெடுங்கள்.

நரம்புச் சிக்கலுக்கு டோசிலிசுமாப் உதவாது, மூளைக்குள் போகாது. அங்கே டெக்ஸாமெத்தசோன் 10 மி.கி. இதைக் கண்டுபிடிக்க ஐ.சி.ஈ. என்ற 10 மதிப்பெண் சோதனை: வருடம், மாதம், ஊர், மருத்துவமனை நான்கு, மூன்று பொருளின் பெயர் மூன்று, ஒரு கட்டளையைச் செய்வது, ஒரு வாக்கியம் எழுதுவது, நூறிலிருந்து பத்துப் பத்தாகப் பின்னோக்கி எண்ணுவது தலா ஒன்று. 7 முதல் 9 முதல் நிலை, 3 முதல் 6 இரண்டு, 0 முதல் 2 மூன்று.

ஆங்கிலத் தாளை வைத்து இதைச் செய்யவே கூடாது. செல் ஏற்றுவதற்கு முந்தைய நாள் நோயாளியின் தாய்மொழியிலேயே ஒருமுறை நடத்தி அடிப்படை மதிப்பெண்ணைக் குறியுங்கள். வேலூரில் படுத்திருப்பவர் வங்காளியாக இருக்கலாம், ஊர் பெயர் கேட்டால் சொந்த ஊரைச் சொல்வார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு எழுத்து மதிப்பெண் தொடக்கத்திலேயே இல்லை என்று பதிவு வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் ஒருவர் அதைப் புதுக் குறையாக எண்ணி ஸ்டீராய்டு கொடுத்துவிடுவார். எழுதத் தெரிந்தவரிடம் தினமும் ஒரே வாக்கியத்தை, ஒரே தாளில், தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள். "நான் இன்று காலை இட்லி சாப்பிட்டேன்" போதும். கையெழுத்து கோணத் தொடங்குவது மதிப்பெண் குறைவதற்கு முன்பே கண்ணில் படும்.

ஜூன் 24

டோனர் தேடல் பற்றிய கேள்விக்குச் சிறு பதில். உடன்பிறந்தவர் ஒவ்வொருவருக்கும் முழுப் பொருத்தம் 25 சதவீதம். மாமன் மகள், அக்கா மகள் என்று உறவுக்குள் திருமணம் செய்த குடும்பங்களில் பெற்றோரும் பெரியம்மா, சித்தப்பா பிள்ளைகளும் பொருந்த வாய்ப்பு உண்டு. டோனர் பதிவேட்டுக்கு எழுதும் முன் குடும்ப மரத்தை வரையுங்கள். ஆனால் அதே காரணத்தால் டோனருக்கும் அதே நோய் ஒளிந்திருக்கலாம், பிறவி எதிர்ப்பாற்றல் குறையில் முக்கியமாக. அதைச் சோதிக்காமல் எடுக்கவே கூடாது. ஹாப்லோ என்றால் டோனருக்கு எதிரான எதிர்ப்பொருள் நோயாளியிடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், அதன் அளவைக் காட்டும் எம்.எஃப்.ஐ. 5000 தாண்டினால் கிராஃப்ட் பிடிக்காமல் போகும் அபாயம் பெரிது.

வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் மாற்று நடக்கிறது. அங்கிருந்து வந்த ஒரு பாடம் ஒவ்வொரு தலசீமியா பயிற்சியாளருக்கும் தெரியவேண்டும்: மாற்றின் அபாயத்தைப் பிரிக்கும் இத்தாலியின் பெசரோ வகைப்பாட்டில் அபாயம் மிகுந்த மூன்றாம் வகுப்புக்குள்ளேயே, 7 வயதும் அதற்கு மேலும், கல்லீரல் விலாவுக்குக் கீழே 5 செ.மீ.யும் அதற்கு மேலும் என்ற குழந்தைகள் தனி அபாயக் கூட்டம். இரும்பு ஒழுங்காக வெளியேற்றப்படாமல் வளர்ந்த நம் குழந்தைகளைப் பார்த்துப் பிறந்த வரையறை.

ஜூன் 29

100 நாள் தாண்டிய ஓ.பி. ஏன் என்று இருவர் கேட்டுவிட்டீர்கள். ஏனென்றால் மாற்றின் பலனும் பாதிப்பும் அங்கேதான் தெரிகின்றன. வாய் காரம் தாங்கவில்லை, ரசம்கூட எரிகிறது என்பது நாள்பட்ட ஜி.வி.ஹெச்.டி.யின் முதல் வாக்கியம். கண்ணில் மணல் என்பது இரண்டாவது. மூச்சு வாங்குகிறது என்று சொல்லும்போது நுரையீரல் ஏற்கெனவே போய்விட்டிருக்கும். அதனால் அவர் சொல்லும்வரை காத்திராமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எஃப்.ஈ.வி.1 (முதல் நொடியில் ஊதும் மூச்சளவு) ஊதச் சொல்ல வேண்டும்.

தடுப்பூசி மறுபடி முதலிலிருந்து: செயலிழந்தவை ஆறாம் மாதம் முதல், உயிருள்ளவை இரண்டு வருடம் கழித்து, அதுவும் எதிர்ப்பை அடக்கும் மருந்து நின்றிருந்தால். தலசீமியா குழந்தை குணமானாலும் பழைய இரும்பு உள்ளேயே இருக்கிறது. ஹீமோகுளோபின் நிலைத்ததும் 14 நாளுக்கு ஒருமுறை கிலோவுக்கு 6 மி.லி. ரத்தம் எடுத்து அதை வெளியேற்றலாம். இதைச் செய்யாமல் விட்டால் தலசீமியா போயும் கல்லீரல் கெடும்.

நோயாளி 400 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார். ஊர் மருத்துவருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள், தமிழிலும் ஒரு பிரதி: எந்த ரத்தம் ஏற்றலாம், எந்த மாத்திரையைத் தானாக நிறுத்தக்கூடாது, எந்த ஆன்டிபயாடிக் டாக்ரோலிமஸை ஏற்றும் (கிளாரித்ரோமைசின் என்று பெயர் போட்டே எழுதுங்கள்), காய்ச்சல் எவ்வளவு வந்தால் கிளம்பி வரவேண்டும்.

ஜூலை 2

முதலில் கேட்டவர் அடுத்த வாரம் ஒரு மையத்துக்கு நேரில் போகிறாராம், என்ன பார்ப்பது என்று எழுதியிருக்கிறார். துறைத்தலைவர் அறைக்கு முன் வார்டுக்குப் போங்கள். கவுன்ட் பூஜ்யமாக இருக்கும் ஒருவருடைய சார்ட்டை எடுத்து, கடைசியாகக் காய்ச்சல் பதிவான நேரத்தையும் முதல் ஆன்டிபயாடிக் ஏறிய நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரவு 2 மணிக் காய்ச்சலுக்கும் 60 நிமிடத்துக்குள் மருந்து போயிருந்தால் அங்கே சேருங்கள்.